பழைய அமெரிக்க வெள்ளி புரூஃப் காயின்: புதுசா சேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு

புரூஃப் காயின்னா என்னன்னு கேட்டா முக்கால்வாசி பேர், நல்லா பளபளன்னு கீறல் இல்லாம புதுசா இருக்கற காயின்னுதான் சொல்வாங்க. கடையில விக்கறவங்கள்லயே சில பேர் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க. முதல்ல இத மனசுல இருந்து அழிச்சுட்டு உள்ள வாங்க, ஏன்னா இத தப்பா புரிஞ்சுக்கிட்டா அப்புறம் படிக்கறது எல்லாமே தப்பாதான் போகும்.

புரூஃப்ங்கறது ஒரு காசு எப்படி அடிக்கப்பட்டுச்சுங்கறத சொல்ற பேரு. இப்ப அது எந்த நிலைமையில இருக்குங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 1830கள்ல ஒரு புரூஃப் அரை டாலர் அடிச்சாங்க, வாங்கினவர் செத்துட்டாரு, அவரோட மவன் அத எடுத்துட்டு போய் கடையில செலவு பண்ணிட்டான், இருபது வருஷம் கை மாறி மாறி தேஞ்சு மொழுக்கையா ஆயிடுச்சுன்னு வெச்சுக்கங்க, அப்பவும் அது புரூஃப்தான், தேஞ்ச புரூஃப். காச பாத்து தரத்துக்கு நம்பர் போடற கிரேடிங் கம்பெனிக்காரங்க அதுக்கு பிஆர் 45ன்னோ பிஆர் 50ன்னோ நம்பர் போடுவாங்க. அந்த பக்கம், செலவுக்குன்னு அடிச்ச காசு ஒண்ணு பேங்க் மூட்டையிலயே கிடந்து எவ்வளவு பளிச்சுன்னு வெளிய வந்தாலும் அது புரூஃப் ஆகாது, அதுக்கு எம்எஸ்னு வேற எழுத்துதான். பிஆரும் எம்எஸும் ரெண்டு தனித்தனி ரோடு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தாவ முடியாது.

சரி, அடிக்கறதுல என்ன வித்தியாசம்? காசு அடிக்க ரெண்டு டை வேணும், டைன்னா உருவத்த தலைகீழா செதுக்கின எஃகு அச்சு. நடுவுல வெறும் வெள்ளி வில்லைய வெச்சு ரெண்டு பக்கமும் அமுக்கணும், அந்த வில்லைக்கு பிளான்செட்னு பேரு. சாதாரண காசுக்கு இத வேகமா வரிசையா அடிச்சு தள்ளுவாங்க. புரூஃபுக்கு டையோட சமதளத்த கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் பாலிஷ் போடுவாங்க, வில்லையையும் தேர்ந்தெடுத்து மெருகு ஏத்துவாங்க, அப்புறம் பெரிய ஸ்க்ரூ பிரஸ்ல, அதாவது திருகி அமுக்கற மெஷின்ல வெச்சு நிதானமா, அதிக அழுத்தத்துல, பல சமயம் ஒண்ணுக்கு ரெண்டு தடவை அடிப்பாங்க. அடிச்சத மத்த காசு மேல விழாம கையால எடுத்து வெப்பாங்க. அதனால எழுத்து, நட்சத்திரம், இறகு எல்லாம் கூர்மையா நிக்கும், விளிம்பு சதுரமா வெட்டின மாதிரி இருக்கும், சமதளம் முகம் பாக்கற அளவுக்கு பிரதிபலிக்கும். உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா, சமதளம் கருப்பா தெரிஞ்சா அதுக்கு கேமியோன்னு பேரு, அது இன்னும் ஆழமா இருந்தா டீப் கேமியோ. பழைய காயின்ல நல்ல கேமியோ கிடைக்கறது அபூர்வம், விலையும் அப்படித்தான் ஏறும்.

இதுவரைக்கும் சொன்னது சுலபம். பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, 1858க்கு முன்னாடி, அதாவது பொதுமக்களுக்கு புரூஃப் ஒழுங்கா விக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

அமெரிக்க மின்ட், அதாவது அரசாங்கத்தோட காசு அடிக்கற சாலை, 1792ல போட்ட சட்டத்துல உருவாச்சு, இடம் ஃபிலடெல்ஃபியா. முதல் வெள்ளி டாலர் 1794 அக்டோபர்ல வந்துச்சு, மொத்தமே 1,758 காசு. அதுல ஒண்ணு 2013 ஜனவரியில ஏலத்துல ஒரு கோடி டாலருக்கு கொஞ்சம் மேல போச்சு, அந்த சமயத்துல உலகத்துலயே எந்த காயினும் அவ்வளவு போகல. அந்த காசோட நடுவுல ஒரு சின்ன வெள்ளி முளை இருக்கு, எடை குறைஞ்சதால அடிக்கறதுக்கு முன்னாடியே வில்லையில ஓட்டை போட்டு வெள்ளிய சொருகி சரி பண்ணியிருக்காங்க. இருந்தும் சமதளம் கண்ணாடியாவும் விவரம் எல்லாம் கூர்மையாவும் இருக்கு. அப்ப அது புரூஃபா? பிசிஜிஎஸ்ங்கற கிரேடிங் கம்பெனி அதுக்கு குடுத்தது எஸ்பி 66, அதாவது ஸ்பெசிமென். தனி கவனம் எடுத்து அடிச்சிருக்காங்கன்னு காசப் பாத்தா தெரியுது, ஆனா புரூஃப்னு சொல்றதுக்கு அந்த காலத்துல அப்படி ஒரு வழக்கம் மின்ட்ல இருந்ததுக்கு ஆதாரம் இல்ல, அதனால நடுவுல ஒரு பேரு. எனக்கு இந்த நேர்மை பிடிச்சிருக்கு, இதே காசு வேற யார் கையிலயாவது இருந்தா பெருசா புரூஃப்னு எழுதி ஒட்டியிருப்பாங்க.

1820கள், 30கள்ல போய்தான் நிஜமாவே புரூஃப்னு தைரியமா சொல்லக்கூடிய வெள்ளிக் காசுகள் கொஞ்சம் கொஞ்சமா தெரிய ஆரம்பிக்குது. அப்ப மின்ட்ல அதுக்கு மாஸ்டர் காயின்னு பேரு. ஆடம் எக்ஃபெல்ட்னு ஒருத்தர், 1814ல இருந்து 1839 வரைக்கும் மின்ட்ல காசு அடிக்கற வேலைக்கு தலைமை அதிகாரியா இருந்தவர், அவரு நல்லா வந்த காசுகளையும் வெளிநாட்டுல இருந்து உருக்க வந்த வித்தியாசமான காசுகளையும் தனியா எடுத்து வெச்சுட்டே வந்தாரு. 1838ல மின்ட்டுக்குன்னு ஒரு நாணய சேகரிப்பு அதிகாரபூர்வமா ஆரம்பிச்சப்ப அவர் வெச்சிருந்ததுதான் அதுக்கு அஸ்திவாரம், அதுதான் 1923ல வாஷிங்டன்ல இருக்கற ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு போச்சு. வெளி ஆளுங்களுக்கு புரூஃப் வேணும்னா மின்ட்டுக்கு போய் தெரிஞ்ச அதிகாரிகிட்ட கேக்கணும், மனசு வெச்சா முகமதிப்புக்கே குடுப்பாங்க, அரை டாலர் காசுக்கு அரை டாலர். அவ்வளவுதான் ஏற்பாடு. வருஷத்துக்கு கையளவு ஆளுங்கதான் கேட்டாங்க. எத்தனை புரூஃப் அடிச்சோம்னு ஒழுங்கா கணக்கு எழுதின வழக்கமும் அப்ப கிடையாது. அதனால 1850களுக்கு முந்தின ஒரு புரூஃபுக்கு 'இத்தனைதான் அடிச்சாங்க'ன்னு யாராவது அடிச்சு சொன்னா, எதை வெச்சு சொல்றீங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் ஏலத்துல இதுவரைக்கும் வந்தத எண்ணிப் பாத்து போட்ட உத்தேசமா இருக்கும், அது தப்பில்ல, ஆனா அது உத்தேசம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 1836 மார்ச் மாசம்தான் ஃபிலடெல்ஃபியாவுல நீராவி பிரஸ் வந்துச்சு, அதுக்கு முன்னாடி சாதாரண காசும் ஸ்க்ரூ பிரஸ்லதான், புரூஃபும் ஸ்க்ரூ பிரஸ்லதான். டைய பழுது பாக்கும்போது துருவையோ, வில்லை இல்லாம ரெண்டு டையும் மோதினதால வந்த தழும்பையோ எடுக்க பாலிஷ் போடுவாங்க, பாலிஷ் போட்ட டையில முதல்ல விழற காசுகள் எல்லாம் கண்ணாடி மாதிரிதான் வரும். அது புரூஃப் இல்ல, புரூஃப்லைக். புரூஃபோட தோற்றம், சாதாரண காசோட பிறப்பு. இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய பெரிய நிபுணர்களே அடிச்சுக்கறாங்க, ஒரே காசு ஒரு கம்பெனியில புரூஃப்னும் இன்னொரு கம்பெனியில எம்எஸ் புரூஃப்லைக்னும் வந்த கதையெல்லாம் உண்டு.

எப்படித்தான் பிரிக்கறது? பளபளப்ப மட்டும் நம்பக்கூடாது. கேடயத்துல இருக்கற கோடுகளுக்கு நடுவுல, எழுத்துக்கு உள்ள இருக்கற சின்ன இடைவெளியில, மாலைக்கு உள்பக்கம், இப்படி சந்து பொந்துல கண்ணாடித்தன்மை போயிருக்கான்னு பாக்கணும். நட்சத்திரத்தோட நடுக்கோடுகள் எல்லாம் முழுசா வந்திருக்கணும், விளிம்ப சுத்தி இருக்கற பல் எல்லாம் ஒண்ணு விடாம முழுசா இருக்கணும், விளிம்பு உருண்டு போகாம சதுரமா நிக்கணும். கடைசியா, இதுதான் ரொம்ப முக்கியம், எல்லாரும் புரூஃப்னு ஒத்துக்கிட்ட வேற காசுல இருக்கற அதே டைதானா இதுன்னு பொருத்திப் பாக்கணும். டையில இருக்கற ஒரு மெல்லிசான பாலிஷ் கீறல், ஒரு வெடிப்பு, வருஷ எண் உக்காந்திருக்கற இடம், இதெல்லாம் கைரேகை. பளபளப்ப போலியா உண்டாக்கலாம், கைரேகைய உண்டாக்கறது கஷ்டம்.

இப்ப 1804 டாலருக்கு வருவோம். இத சொல்லாம இந்த விஷயத்த சொல்லவே முடியாது, ஏன்னா ஒரு புரூஃபுக்குள்ள எத்தனை குழப்பம் இருக்க முடியுமோ அத்தனையும் இதுல இருக்கு.

மின்ட் கணக்குல 1804ல 19,570 வெள்ளி டாலர் அடிச்சதா இருக்கு. ஆனா அந்த காசுகள் எல்லாம் 1803ம் அதுக்கு முந்தின வருஷமும் போட்ட பழைய டைல அடிச்சது, டை தேயற வரைக்கும் ஓட்டறதுதான் அப்ப வழக்கம், எஃகு அவ்வளவு விலை. அந்த வருஷத்தோட டாலர் அடிக்கறதையே நிறுத்திட்டாங்க. காரணம், அமெரிக்க டாலர வெஸ்ட் இண்டீஸ் பக்கம் கொண்டு போய் அங்க சம மதிப்புல ஓடிட்டு இருந்த கொஞ்சம் எடை ஜாஸ்தியான ஸ்பானிஷ் டாலருக்கு மாத்தி, அத திரும்ப மின்ட்டுக்கே கொண்டு வந்து குடுத்து லாபம் பாத்துட்டு இருந்தாங்க. அரசாங்க செலவுல காசு அடிச்சு வியாபாரிக்கு லாபம் பண்ணி குடுக்கறதுக்கு மின்ட் எதுக்கு? நிறுத்திட்டாங்க.

முப்பது வருஷம் கழிச்சு 1834ல, ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியா இருந்தப்ப, எட்மண்ட் ராபர்ட்ஸ்னு ஒரு தூதர ஆசியாவுக்கு வியாபார ஒப்பந்தம் போட அனுப்பறாங்க. ராஜாக்களுக்கு பரிசா குடுக்க அமெரிக்க காசு ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணு வெச்சு ஒரு செட் பண்ணித் தாங்கன்னு மின்ட்டுக்கு உத்தரவு போகுது. வெள்ளி டாலரும் பத்து டாலர் தங்க காசும் அப்ப அடிக்கறதே இல்ல, ஆனா சட்டப்படி அதுவும் அமெரிக்க காசுதான், செட்ல இருந்தாகணும். கடைசியா எப்ப அடிச்சோம்னு கணக்குப் புத்தகத்த பாக்கறாங்க, 1804ன்னு இருக்கு. சரின்னு 1804ன்னு புதுசா டை செஞ்சு அடிச்சு குடுத்துட்டாங்க. ஏமாத்தற எண்ணம் எதுவும் இல்ல, ஒரு குமாஸ்தா வேலை, அவ்வளவுதான். அந்த சமாச்சாரம்தான் பிற்பாடு லட்சக்கணக்கான டாலருக்கு விலை போகுது.

ராபர்ட்ஸ் பீகாக்ங்கற கப்பல்ல கிளம்பினாரு. 1835 அக்டோபர்ல மஸ்கட் சுல்தான் சயீத் பின் சுல்தானுக்கு ஒரு செட். அங்க இருந்து பம்பாய், கொழும்புன்னு நம்ம பக்கமா வந்து, ஜாவா போய், 1836 ஏப்ரல்ல சயாம், அதாவது இப்ப தாய்லாந்து, ராஜாவுக்கு ஒரு செட். அப்ப அந்த சயாம் செட் கொழும்பு துறைமுகத்துல நின்ன கப்பலுக்குள்ள இருந்திருக்கு, நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. கொச்சின் சைனாவுக்கும் (இப்ப வியட்நாம்) ஜப்பானுக்கும் குடுக்க வேண்டியது பாக்கி, ஆனா ராபர்ட்ஸ் சீக்கு வந்து அதே வருஷம் சீனாக் கரையில இருக்கற மக்காவ் ஊர்ல செத்துப் போனாரு, அந்த காசெல்லாம் திரும்பி வந்துடுச்சு.

இந்த மாதிரி 1834-35ல அடிச்சது இப்ப எட்டு தெரியும், அதுக்கு கிளாஸ் ஒன்னுன்னு பேரு. 1842ல மின்ட் அதிகாரிங்க போட்ட ஒரு புத்தகத்துல 1804 டாலர் படம் வந்துச்சு, அப்பதான் சேகரிக்கறவங்களுக்கே இப்படி ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. மறு வருஷமே மேத்யூ ஸ்டிக்னிங்கறவர் மின்ட்டுக்கு நேரா போய், தன்கிட்ட இருந்த ஒரு அபூர்வ தங்கக் காசையும் வேற சிலதையும் குடுத்து ஒண்ண மாத்திக்கிட்டாரு. ஆசை பத்திக்கிச்சு. 1858 வாக்குல மின்ட்ல இருந்தவங்களே ரகசியமா மறுபடியும் 1804 டாலர் அடிக்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு 1857ல ஸ்விட்சர்லாந்து பெர்ன்ல துப்பாக்கி சுடும் போட்டிக்கு போட்ட வெள்ளிக் காசு மேலயே அடிச்சது, உத்துப் பாத்தா அடியில பழைய எழுத்து தெரியும், விளிம்புல எழுத்தே இல்ல. அது கிளாஸ் டூ, ஒண்ணே ஒண்ணு, ஸ்மித்சோனியன்ல இருக்கு. விளிம்புல எழுத்து சேத்து அடிச்சது கிளாஸ் த்ரீ. எல்லாம் சேத்து பதினஞ்சுன்னுதான் ரொம்ப காலமா கணக்கு சொல்லிட்டு இருந்தாங்க.

இதுல பாருங்க, எதுவுமே 1804ல அடிச்சது இல்ல. எல்லாமே அமெரிக்க மின்ட்ல அமெரிக்க டைல அடிச்சது, அதனால கள்ளக்காசும் இல்ல. 1962ல எரிக் நியூமேன், கென்னத் ப்ரெஸெட் ரெண்டு பேரும் இது தூதருக்கு குடுத்த பரிசு செட்டுக்காக அடிச்சதுன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதி அச்சுல இருக்கும்போதே, சயாம் ராஜா செட் பொட்டியோட வெளிய வந்து அவங்க சொன்னத நிரூபிச்சுது. மஸ்கட் சுல்தான் காசுன்னு பேர் வாங்கினது பிஆர் 68, அது ஏலத்துல 1999ல 41 லட்சம் டாலருக்கும், 2021ல 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கும் போச்சு.

1804 நமக்கு கிடைக்கப் போறதில்ல, ஆனா அது சொல்லிக் குடுக்கற ரீஸ்ட்ரைக்ங்கற விஷயம் ஆரம்பகால புரூஃப் முழுக்க பரவியிருக்கு. ரீஸ்ட்ரைக்னா மின்ட்டோ இல்ல மின்ட் டை கையில கிடைச்ச வேற யாரோ, காசுல போட்டிருக்கற வருஷத்துக்கு ரொம்ப பிற்பாடு அடிச்சது. பிரிட்டிஷ் இந்தியா காயின் சேக்கறவங்களுக்கு இது பழகின சங்கதி, பம்பாய், கல்கத்தா மின்ட்லயும் பழைய டைய வெச்சு கேட்டவங்களுக்கு அடிச்சு குடுத்திருக்காங்க. அமெரிக்காவுல 1859, 60 வாக்குல மின்ட் டைரக்டர் ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடன், மின்ட் மியூசியத்துக்கு வாஷிங்டன் மெடல்கள் சேக்கணும்னு வெறியா இருந்தாரு, மெடல் குடுத்தவங்களுக்கு பதிலா அபூர்வ காசுகள ரீஸ்ட்ரைக் பண்ணி குடுத்தாங்க. அந்த மாதிரி வந்தது எத்தனையோ.

1827 கால் டாலர் நல்ல உதாரணம். அந்த வருஷம் போட்ட காசு செலவுல ஒண்ணு கூட கிடைச்சதில்ல, இருக்கறது எல்லாம் புரூஃப்தான். ஜோசஃப் மிக்லின்னு ஃபிலடெல்ஃபியாவுல பியானோ, வயலின் வேலை பாத்தவர், தான் பொறந்த 1799ம் வருஷத்து ஒரு சென்ட் காச தேடப்போய் சேகரிப்புல விழுந்த மனுஷன், 1827ல மின்ட்டுக்கு போய் ஒரு டாலர் குடுத்து நாலு கால் டாலர் வாங்கிட்டு வந்ததா கதை. ஒரிஜினல் மொத்தமே பத்து வாக்குலதான் இருக்கும். பிற்பாடு கழிச்சுப் போட்ட டைய வெச்சு ரீஸ்ட்ரைக் அடிச்சாங்க, முன்பக்கம் அதே 1827 டை, ஆனா பின்பக்கத்துக்கு 1819ல ஓடின வேற டை. அதனால ரெண்டையும் பிரிக்கறது சுலபம்: பின்பக்கம் கீழ 25ங்கறதுல 2ஓட அடிப்பாகம் சுழிஞ்சு இருந்தா ஒரிஜினல், சதுரமா தட்டையா இருந்தா ரீஸ்ட்ரைக். துரு பிடிச்ச டைங்கறதால ரீஸ்ட்ரைக்ல சமதளத்துல சொரசொரப்பும் தெரியும். ஒரே வருஷம், ரெண்டுமே புரூஃப்னுதான் லேபிள்ல இருக்கும், விலையில மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

கோப்ரெக்ட் டாலர் வேற மாதிரி விநோதம். 1804க்கு அப்புறம் டாலர் திரும்ப வந்தது 1836 டிசம்பர்ல, கிறிஸ்டியன் கோப்ரெக்ட் செதுக்கினது, தாமஸ் சல்லி வரைஞ்ச உக்காந்த பொம்பள ஒரு பக்கம், டிஷியன் பீல் வரைஞ்ச பறக்கற கழுகு இன்னொரு பக்கம். எனக்கு கேட்டா அமெரிக்க வெள்ளியிலயே அழகு இதுதான். முதல்ல ஆயிரம் காசு அடிச்சாங்க, மறு வருஷம் அதே 1836 போட்டு இன்னும் 600. கண்ணாடி சமதளத்தோட புரூஃப் மாதிரி அடிச்சுட்டு அப்படியே செலவுக்கு விட்டுட்டாங்க, அதனால தேஞ்சு போன கோப்ரெக்ட் டாலர் நிறைய கிடைக்குது, நான் மேல சொன்ன தேஞ்ச புரூஃப்ங்கறது இதுலதான் கண்ணால பாக்கலாம். இதுக்கும் பிற்பாடு ரீஸ்ட்ரைக் உண்டு, காச மேலும் கீழுமா திருப்பினா கழுகு மேல் நோக்கி பறக்குதா, நேர்கோட்டுல பறக்குதான்னு பாத்து ஒரிஜினல், ரீஸ்ட்ரைக்னு பிரிச்சுட்டு இருந்தாங்க, இப்ப அந்த விதியே ஆராய்ச்சியில ஆட்டம் கண்டுடுச்சு, அதனால இதுல இறங்கறதுக்கு முன்னாடி புது ஆராய்ச்சிகள படிச்சுடுங்க.

இதெல்லாம் படிச்சுட்டு நம்மால வாங்கவே முடியாது போலன்னு நினைக்காதீங்க. 1858தான் வாசல். அந்த வருஷம்தான் மின்ட் பொதுமக்களுக்கு புரூஃப் செட் ஒழுங்கா விக்க ஆரம்பிச்சது, ஸ்னோடன் காலத்துலதான். 1859ல 800 வெள்ளி செட், 1860ல ஆயிரம்னு கணக்கு எழுதி வெச்சிருக்காங்க, அதுல எல்லாம் விக்கல, விக்காதத உருக்கிட்டாங்க, 1861ல உள்நாட்டுப் போர் வேற வந்துடுச்சு, அப்ப யாருக்கு காசு சேக்கற மனசு இருக்கும். அதனால ஆயிரம்னு புத்தகத்துல இருந்தாலும் அதுல பாதி கூட மிஞ்சியிருக்காதுன்னு வெச்சு பாக்கறதுதான் நல்லது. ஆனாலும் 1860களுக்கு அப்புறம் வந்த சீட்டட் லிபர்ட்டி (உக்காந்த பொம்பள உருவம்) டைம்ங்கற பத்து சென்ட், ஹாஃப் டைம்ங்கற அஞ்சு சென்ட், மூணு சென்ட் வெள்ளிக் காசு இதுல எல்லாம் சாதாரண வருஷம், பிஆர் 62, 63 கிரேடுல சில நூறு டாலருக்கு உண்மையான புரூஃப் வாங்கலாம். ஒரு வருஷத்துக்கு சில நூறு, போனா ஆயிரம் காசுதான் அடிச்சிருக்காங்கன்னு யோசிச்சா இது ரொம்ப மலிவு, லட்சக்கணக்குல அடிச்ச மார்கன் டாலருக்கு சில வருஷத்துக்கு இத விட அதிகமா குடுக்கறாங்க. காரணம் சிம்பிள், கேக்கற ஆள் கம்மி. மூணு சென்ட் காசு நம்ம சுண்டு விரல் நகத்தவிட கொஞ்சம்தான் பெருசு, அத ஷோகேஸ்ல வெச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. டாலர்னா கைக்கு கனமா இருக்கு, எல்லாரும் அதுக்கு ஓடறாங்க. 1858 டாலர் புரூஃபா மட்டும்தான் வந்துச்சு, செலவுக்கு அடிக்கவே இல்ல, அதனால அதுக்கு எப்பவும் போட்டிதான்.

கிரேடு நம்பர் 1ல இருந்து 70 வரைக்கும். வில்லியம் ஷெல்டன் 1949ல செப்பு சென்ட்டுகளுக்காக போட்ட அளவு, இப்ப எல்லா காசுக்கும் அதுதான். பிசிஜிஎஸ் 1986லயும் என்ஜிசி 1987லயும் வந்தாங்க, காச பாத்து நம்பர் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல சீல் பண்ணி குடுப்பாங்க, அந்த டப்பாதான் ஸ்லாப். ஒரு கம்பெனி பிஆர்னு போடும், இன்னொண்ணு பிஎஃப்னு போடும், ரெண்டும் ஒண்ணுதான். நூத்தம்பது வருஷ புரூஃப்ல 60ல இருந்து 63 வரைக்கும் இருக்கறதுல பெரும்பாலும் குறை என்னன்னா ஹேர்லைன், முடி மாதிரி மெல்லிசு கீறல், விளக்குக்கு கீழ சாய்ச்சு சாய்ச்சு பாத்தாதான் தெரியும். ஃபோட்டோவுல தெரியாது. விக்கறவங்க ஃபோட்டோவ நேரா எடுத்து போடறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த கீறல் எங்க இருந்து வந்துச்சு? தொடச்சதால. 19ம் நூற்றாண்டுல சேகரிச்சவங்க வெள்ளி ஸ்பூன தொடைக்கற மாதிரியே காசையும் தொடச்சாங்க, மின்ட் சேகரிப்புல இருந்த காசையே அப்படி தேய்ச்சு வெச்சிருக்காங்க, அது இன்னும் கொடுமை. நம்ம வீட்டுல வெள்ளி குத்துவிளக்க விபூதி போட்டு தேய்ச்சு பளிச்சுன்னு ஆக்கற பழக்கம் நமக்கு ரத்தத்துலயே இருக்கு, அந்த கைய காசு பக்கம் கொண்டு போயிடாதீங்க. புரூஃபோட மதிப்பே அந்த தொடாத சமதளம்தான், ஒரு தடவை துணியால இழுத்தா போச்சு, திரும்ப வராது. டிப்புன்னு ஒரு ஆசிட் திரவம் விக்கறாங்க, முக்கி எடுத்தா கருப்பு போயிடும், கூடவே வெள்ளியோட மேல் படலமும் போகும், ரெண்டு மூணு தடவை முக்கினா காசு செத்த மீன் கண்ணு மாதிரி ஆயிடும். பழைய வெள்ளி காத்துல இருக்கற கந்தகத்தோட சேந்து நிறம் மாறும், டோனிங்னு சொல்வாங்க, ஓரத்துல நீலம், உள்ள வர வர பொன் நிறம், அது இயற்கையா வந்திருந்தா அதுக்கே கூட காசு குடுப்பாங்க. அதனால 1840ம் வருஷ புரூஃப் ஒண்ணு அச்சு அசலா வெள்ளை வெளேர்னு இருந்தா எனக்கு சந்தோஷத்த விட சந்தேகம்தான் முதல்ல வரும்.

வெளிய இருக்கற காச விளிம்ப மட்டும் பிடிச்சு எடுங்க, கீழ மெத்து மெத்துன்னு துணி விரிச்சு வெச்சுக்கங்க, காசுக்கு நேரா வாய வெச்சு பேசாதீங்க, எச்சில் ஒரு பொட்டு பட்டாலும் புள்ளி விழும். மெதுவா வளையற பிவிசி பிளாஸ்டிக் கவர்ல வெச்சா பச்சையா பிசுபிசுப்பு படியும், அது வெள்ளிய அரிக்கும், மைலார்ங்கற பிவிசி இல்லாத பிளாஸ்டிக் கவர் தேவல. சென்னை மாதிரி கடலோரத்துல இருக்கறவங்க ஸ்லாப்பா இருந்தாலும் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வைங்க.

போலிகள் பத்தி. 1804 டாலர், டிரேட் டாலர் (ஆசிய வியாபாரத்துக்குன்னு அடிச்ச வெள்ளி டாலர்) போலி உலகம் முழுக்க சந்தையில கூடை கூடையா கிடைக்குது, காந்தம் ஒட்டினா அங்கயே கீழ போட்டுட்டு வந்துடலாம், ஆனா ஒட்டலங்கறதால நல்லதுன்னு ஆயிடாது. 1800, 1801 டாலர்ல கடைசி எண்ண மாத்தி 1804 ஆக்கினதும் உண்டு. அமெரிக்காவுல 1973 சட்டப்படி நகல் காசுல நகல்னு முத்திரை போட்டாகணும், ஆனா அந்த சட்டம் வெளிநாட்டுல செய்யறவன கட்டுப்படுத்துமா என்ன. இப்ப ஸ்லாப்பையே போலியா செய்யறாங்க, அதனால லேபிள்ல இருக்கற நம்பர கிரேடிங் கம்பெனி சைட்ல போட்டு, அங்க வர்ற ஃபோட்டோவையும் கையில இருக்கற காசையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க, நம்பர் சரியா இருந்தா மட்டும் போதாது, டோனிங், புள்ளி எல்லாம் அதே இடத்துல இருக்கணும்.

ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் மாதிரி பெரிய ஏல கம்பெனிங்க பழைய ஏல விவரத்த எல்லாம் ஆன்லைன்ல வெச்சிருக்காங்க. அத படிக்கறதுக்குதான் நான் முதல் ஆறு மாசத்த ஒதுக்க சொல்வேன், வாங்கறதுக்கு இல்ல. நல்ல புரூஃபுக்கு எழுதற குறிப்புல இந்த காசு யார் யார் கையில இருந்துச்சு, எந்த வருஷ ஏலத்துல வந்துச்சு, எந்த டை ஜோடி, ஏன் இத புரூஃப்னு சொல்றோம்னு விளக்கம் எல்லாம் இருக்கும். ஏலத்துல சுத்தியல் தட்டி முடிச்ச விலைக்கு மேல சுமார் 20 சதவீதம் வாங்கறவர் கமிஷன் வேற இருக்கு, அத கணக்குல சேக்காம கை தூக்கிடாதீங்க. அப்புறம் கிரேடிங் கம்பெனி வெளியிடற எண்ணிக்கை பட்டியல், இந்த கிரேடுல ஏழு காசு இருக்குன்னு போட்டிருந்தா ஏழு இருக்கணும்னு அவசியம் இல்ல, கிரேடு ஏறுமான்னு ஒரே காச டப்பாவ உடைச்சு திரும்பத் திரும்ப அனுப்பறவங்க இருக்காங்க, ஒவ்வொரு தடவையும் பட்டியல்ல ஒண்ணு கூடும். கமிஷனும் பட்டியலும் புரிஞ்சதுக்கு அப்புறம் சில நூறு டாலர் மூணு சென்ட் புரூஃப் ஒண்ணுல ஆரம்பிங்க, பூதக்கண்ணாடி அஞ்சு மடங்கோ ஏழு மடங்கோ போதும், அதுக்கு மேல போனா எல்லா காசுலயும் குறைதான் தெரியும்.